ஒரு கரண்டி கூடுதல்

அரிசியைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பசி வரும். அவளுக்கு முதலில் சந்தேகம் வரும். குழந்தைகளுக்கான கஞ்சி மாவு தயாரிக்கும் கம்பெனியில், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு வேறு என்ன வரும்? லாரியில் வந்து இறங்கும் ஒவ்வொரு லோடிலிருந்தும் கைப்பிடி கைப்பிடியாக அரிசி எடுப்பாள். நைசாக அரைத்து, அமிலம் ஊற்றிச் சூடேற்றுவாள். கொஞ்ச நேரத்தில் அரிசி இருந்த இடம் தெரியாமல் கரைந்து, குழாய்த் தண்ணீர் மாதிரி தெளிவாக நிற்கும். அந்தத் தெளிவைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. மெஷினில் ஏற்றினால்தான் அது வாயைத் திறக்கும். ஆர்செனிக் இவ்வளவு, காட்மியம் இவ்வளவு, ஈயம் இவ்வளவு என்று ஒன்றொன்றாகக் கக்கும்.

இதில் கலப்படக்காரன் என்று யாரையும் பிடித்து உதைக்க முடியாது. மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பதைத்தான் நெற்பயிர் உறிஞ்சுகிறது. முழங்கால் தண்ணீரில் நின்று வளர்கிற பயிர் அல்லவா, மற்றப் பயிர்களை விட ஆசையாகவே உறிஞ்சி மணிக்குள் பத்திரப்படுத்தி வைக்கிறது. அதற்கு ருசி கிடையாது, வாசனை கிடையாது. ஒரு வேளை சாப்பிட்டவன் சுருண்டு விழ மாட்டான். விழுந்தாலாவது தேவலை, நாலு பேர் விழித்துக்கொள்வார்கள். இது உடம்புக்குள் சத்தமில்லாமல் சேர்ந்து, தோலிலும் சிறுநீரகத்திலும் வருஷக்கணக்கில் வேலை பார்க்கும். வளரும் குழந்தையின் மூளை என்றால் அதற்கு இன்னும் கொண்டாட்டம். அதனால்தான் பெரியவர்கள் சாப்பிடும் அரிசிக்கு ஒரு வரம்பும், குழந்தை உணவுக்கு அதில் பாதியும் என்று சட்டம் போட்டிருந்தார்கள்.

பாதிக்குள் இருந்தால் மூட்டைக்குப் பச்சை ஸ்டிக்கர். தாண்டினால் சிவப்பு. அவள் சிவப்பு ஒட்டுவதற்குத் தயங்கியதே இல்லை. வியாபாரி கெஞ்சினாலும் சரி, மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி, ஒட்டியது ஒட்டியதுதான். கம்பெனி முழுக்க அவளுக்கு ‘சிவப்பக்கா’ என்று பேர். கண்டிப்புக்குக் கிடைத்த பட்டம் என்று அவள் உள்ளூரப் பூரித்துப்போயிருந்தாள். சிவப்பு ஒட்டிய மூட்டைகள் வந்த வழியே வியாபாரிக்குத் திரும்பிப் போகின்றன என்றும் நினைத்திருந்தாள். யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அவளும் யாரையும் கேட்டதில்லை.

அவளுடைய தங்கை அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். வீட்டில் அவள் பேர் குட்டி. கல்யாணமாகி வயிறு முன்னால் தள்ளிய பிறகும் குட்டிதான். அப்பா அம்மா போன பிறகு அக்காதான் அவளை வளர்த்தாள். குட்டியின் புருஷன் லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் சாலையில் இருப்பான். அதனால் அக்கா தங்கை ஒரே வீட்டில் இருந்தார்கள். இதற்கு முன் இரண்டு தடவை குட்டிக்குத் தங்கவில்லை. இந்தத் தடவை எட்டாம் மாதம் வரை வந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்கா கையைக் கழுவிக்கொண்டு தங்கையின் வயிற்றில் வைத்துப் பார்ப்பாள். உள்ளே இருப்பது ஓர் உதை விடும்.

“உன் கை பட்டாத்தான்க்கா இது முழிச்சுக்குது. பகல் பூரா கல்லு மாதிரி கிடக்குது” என்பாள் குட்டி.

“உன்னை மாதிரிதானே இருக்கும். ஆளைப் பார்த்துத்தானே வேலை காட்டும்.”

குட்டி கம்பெனி கேன்டீனில்தான் சாப்பிட்டாள். காலையிலும் மதியமும் அங்கேயே. அது இலவசம். அதற்கு மேல் ஒரு சலுகையும் உண்டு. கேன்டீன் சுவரில் பெரிய எழுத்தில், ‘கர்ப்பிணிகளுக்கு ஒரு கரண்டி கூடுதல்’ என்று எழுதிப் போட்டிருந்தார்கள். மேலாளரின் யோசனை அது. பக்கத்தில் கம்பெனி போஸ்டரில் கொழுகொழு குழந்தை ஒன்று பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கும்.

ஆய்வுக்கூடத்துக்காரர்களுக்குக் கேன்டீன் கிடையாது. அமிலம் தொட்ட கையோடு சோற்றுப் பக்கம் வரக் கூடாது என்று அவர்களுக்குத் தனி அறை. அவளும் வருஷக்கணக்காக அங்கேயே தன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டு வந்தாள். ஒருநாள் அந்த அறையில் குழாய் உடைந்து தரையெல்லாம் தண்ணீர். இன்றைக்கு மட்டும் கேன்டீனில் சாப்பிடுங்கள் என்று உத்தரவு வந்தது. அவளுக்கும் டப்பா கட்ட அன்று நேரமில்லாமல் போயிருந்தது.

பேக்கிங் பெண்கள் அவளைப் பார்த்ததும் ஒரே கலாட்டா. “சிவப்பக்கா வந்திருக்காங்க, தட்டை நல்லாக் கழுவிக் குடுங்க, இல்லேன்னா தட்டுக்கும் ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க” என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தட்டில் சோறு பூவாக உதிர்ந்தது. நாலு வாய் சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தட்டோடு சமையல்கட்டு வாசலுக்குப் போனாள்.

கேன்டீன் மாஸ்டர் பருத்த மனிதர், வாயெல்லாம் பல். அண்டாவுக்குப் பக்கத்தில் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு மூட்டையின் நெற்றியிலும் சிவப்பு ஸ்டிக்கர். அதில் அவளுடைய கையெழுத்து.

“மாஸ்டர், இது என்ன மூட்டை?”

“நம்ம ஸ்டாஃப் அரிசிம்மா.”

“இதுல சிவப்பு ஒட்டியிருக்கே?”

“சிவப்பு ஒட்டினாத்தானே நமக்கு? பச்சை போனா மாவு மெஷினுக்கு, சிவப்பு வந்தா கேன்டீனுக்கு. நான் வந்த நாள்லேர்ந்து அப்படித்தான்.” அவர் கரண்டியைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். “உண்மையைச் சொல்லணும்னா, பச்சையை விட சிவப்புதான் ருசி. எங்களுக்குத் தெரியாதா? நல்லதாப் பார்த்து எங்களுக்கு ஒதுக்கி விடறீங்க. அதான் பொண்ணுங்கள்லாம் உங்களை சிவப்பக்கான்னு வாய் நிறையக் கூப்பிடறாங்க.”

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“கஞ்சி வடிக்கிறீங்களா?” என்று கேட்டாள். நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து வடித்துக் கொட்டினாலாவது கொஞ்சம் போகும்.

“சேச்சே. சத்தெல்லாம் போயிடுமே. அளந்து தண்ணி வச்சு அப்படியே இறக்கிடுவேன். ஒரு சொட்டு வீணாக்க மாட்டேன்” என்றார் மாஸ்டர் பெருமையாக.

திரும்பிப் பார்த்தாள். வரிசையில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நாலு பேர் நின்றார்கள். குட்டியும், அவள் தோழி நெட்டையும், இன்னும் இரண்டு பேரும். பரிமாறுகிற ஆள் குட்டியின் தட்டில் ஒரு கரண்டி போட்டு, சுவரைக் காட்டிச் சிரித்து, இன்னொரு கரண்டி போட்டான். குட்டி தட்டை ஆட்டி அந்த மலையைச் சமன் செய்தாள்.

கை கழுவும் தொட்டி வரைக்கும் அக்காவால் போக முடிந்தது. அங்கே வயிற்றில் இருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. வெள்ளை வெள்ளையாகப் பருக்கைகள் தொட்டியின் துளையைச் சுற்றி நின்று, இறங்க மாட்டேன் என்றன. தண்ணீரைத் திறந்துவிட்டு விரலால் குத்திக் குத்தி இறக்கினாள். பின்னால் யாரோ, “அக்காவுக்கும் விசேஷமா?” என்று கேட்க, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குட்டி தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவள் முதுகைத் தடவினாள்.

“என்னக்கா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. பித்தம்.”

மேலாளர் தன் அறையில் சாப்பிட்டு முடித்து, விசிட்டிங் கார்டின் முனையால் பல் குத்திக்கொண்டிருந்தார். அவர் கேன்டீன் சோறு தொடுவதில்லை. சர்க்கரை வியாதி என்று வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுவருவார். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். குத்தியதில் வந்ததைப் பார்த்தார். அதை மேஜை விளிம்பில் துடைத்தார். அவள் முகம் சுளித்தாள்.

“உக்காரும்மா. சிவப்புன்னா என்ன அர்த்தம்?”

“வரம்பு தாண்டிடுச்சுன்னு.”

“யாருக்கு உள்ள வரம்பு?”

“குழந்தைகளுக்கு.”

“பெரியவங்க வரம்பு தாண்டியிருக்கா? நீயே சொல்லு. ஒரு மூட்டையாவது?”

அவள் யோசித்துப் பார்த்தாள். ஒன்றுகூடத் தாண்டியதில்லை. கடையில் விற்கும் அரிசியில் பாதிக்கு மேல் இதே கதைதான். இவர் சொல்வதில் சட்டப்படி ஓட்டை இல்லை, அதுதான் அவளுக்கு அருவருப்பை ஏற்றியது. பொய் சொல்கிறவனைக் காறித் துப்பலாம். இந்த மனிதர் உண்மையை வைத்தல்லவா பூசி மெழுகுகிறார்.

“வியாபாரி திருப்பி எடுத்துக்க மாட்டேங்கிறான். கொட்டறதுக்கு மனசு வருமா, சோறும்மா அது. அதான் நம்ம ஜனங்களே சாப்பிடட்டும்னு விட்டேன். கேன்டீன்ல குழந்தைங்க யாராவது இருக்காங்களா என்ன?”

“இருக்காங்க சார். நாலு பேர்.”

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கார்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

“வயித்துல இருக்கிறதுக்கெல்லாம் தனி வரம்பு கிடையாதும்மா. சட்டத்துல இல்ல. நான் போய் எழுத முடியுமா?” பிறகு குரல் தேனாக மாறியது. “உன் தங்கச்சி இந்த சனிக்கிழமை லீவுல போறா இல்ல? இனிமே அவளுக்கு வீட்டுச் சாப்பாடு கட்டிக் குடு. பிரசவ லீவுல போறவங்களுக்கு கம்பெனி ஒரு மூட்டை அரிசி தருதே, அவளுக்கு மட்டும் பச்சை மூட்டையாப் போடச் சொல்றேன். சரிதானே? நாலு பேர் கிட்ட இதைப் பேசிக் கலவரம் பண்ணினா என்ன ஆகும்னு யோசி. கம்பெனியை மூடினா அந்தப் பொண்ணுங்க அந்த ரெண்டு வேளைச் சோத்துக்கும் எங்க போகும்?”

அவள் அந்த இடத்தில் மேஜையைத் தட்டியிருக்க வேண்டும். சிவப்பு ஒட்டத் தயங்காதவள் அல்லவா? ஒன்றும் தட்டவில்லை. “சரி சார்” என்றாள். அந்த இரண்டு சொல்லும் வாயை விட்டு வெளியே வந்தபோது தொட்டியில் கக்கியதை விட மோசமாக நாறின. ஆனாலும் வந்துவிட்டன.

வீட்டில் குட்டியிடம், “டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார் இல்ல? கேன்டீன்ல உப்பை அள்ளிக் கொட்டறாங்க. நாளையிலேர்ந்து நான் கட்டித் தர்றேன்” என்றாள். இரண்டு தடவை பறிகொடுத்தவளைப் பயமுறுத்தக் கூடாது என்று தனக்குத் தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாள். காரணத்துக்கா பஞ்சம்? பக்கத்துத் தெருக் கடையில் வேறு வேறு அரிசியாக வாங்கி, கைப்பையில் ஒளித்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்து, இருப்பதில் குறைவானதைத் தேர்ந்தெடுத்தாள். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தாள். வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றி, அது போகிற வரைக்கும் நின்று பார்த்தாள்.

அந்த வாரம் முழுக்க, மதிய மணி அடித்ததும் ஆய்வுக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே மற்ற மூன்று பேரும் கேன்டீனுக்கு நடந்து போனார்கள். நெட்டை இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு முன்னால் போவாள். அக்கா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். முதல் நாள் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் பாதி இறங்கியது. வியாழக்கிழமை டப்பாவைத் திறந்தபோது நன்றாகவே பசித்தது. இத்தனை சீக்கிரம் பசித்ததே என்று ஒரு கணம் தன் மேலேயே அவளுக்குக் கூசியது. கூசிக்கொண்டே வழித்துச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை குட்டி மதியமே ஆட்டோ வைத்து வீட்டுக்குப் போய்விட்டாள். அக்கா வேலை முடித்து வந்தபோது வீட்டில் விளக்கெரிந்தது. அடுப்பில் சோறு வெந்து இறக்கியிருந்தது. குட்டி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு ஊதி ஊதிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“பசி தாங்கலக்கா. புது மூட்டையைப் பிரிச்சு நானே வச்சுட்டேன். நீயும் உக்காரு.”

அக்கா சிரித்தபடி சமையலறை மூலையைப் பார்த்தாள். மூட்டை சுவரில் சாய்ந்து நின்றது. அதன் நெற்றியில் சிவப்பு.

“குட்டி, உனக்குப் பச்சை மூட்டைதானே குடுத்தாங்க?”

“பச்சைதான் குடுத்தாங்க, அந்தக் கூத்தை ஏன் கேக்கறே. எனக்கு மட்டும் பச்சை, நெட்டைக்கு சிவப்பு. அவளும் இன்னைக்குத்தானே லீவுல போறா. எனக்கு ஆத்திரமா வந்துச்சு. எங்கக்கா கையால ஒதுக்கி விடற அரிசி, எனக்கு இல்லாம அவளுக்கா? நெட்டை பாவம், எதுவா இருந்தா என்னன்னு மாத்திக் குடுத்துட்டா.” குட்டி இன்னொரு வாய் எடுத்தாள். “உன் கையெழுத்து இருக்குக்கா இதுல. பாரு.”

அக்கா பாய்ந்து போய்த் தட்டைப் பிடுங்கினாள். சோறு தரையெல்லாம் சிதறியது. குட்டியின் வாயில் இன்னும் பாதி மென்றது இருந்தது.

“துப்பு. துப்புடி. முழுங்காதே.”

குட்டி பயந்துபோய் உள்ளங்கையில் துப்பினாள். துப்பியதைக் கையில் வைத்துக்கொண்டே அக்காவைப் பார்த்தாள். அதற்கு மேல் உப்பு என்றும் பித்தம் என்றும் சொல்ல அக்காவுக்கு நாக்கு எழவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்பு என்றால் என்ன, பாதி என்றால் என்ன, மாஸ்டர் சொன்னது, மேலாளர் பல் குத்தியது வரை. ஒரு வாயால் ஒன்றும் ஆகிவிடாது, மாசக்கணக்கில் சேர்ந்தால்தான், இனிமேல் ஜாக்கிரதையாக இருந்தால் போதும் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே, எப்போதும் போல் கையைத் தங்கையின் வயிற்றில் வைத்தாள்.

குட்டி எழுந்து போய்க் கையைக் கழுவினாள். வாயைப் பல தடவை கொப்பளித்தாள். திரும்பி வந்து மூட்டையின் முன்னால் நின்றாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“உங்க கேன்டீன்ல சாப்பிட்டேனே, அன்னைக்கு.”

“அப்புறமும் இந்த வாரம் பூரா நெட்டை என் பக்கத்துலதான் உக்காந்து ரெண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டா. மத்த ரெண்டு பேரும். நான் உன் டப்பாவைத் திறந்து, எங்கக்கா கட்டிக் குடுத்ததுன்னு பெருமையடிச்சுக்கிட்டே தின்னேன்.”

“உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான்டி…”

“எனக்கு மட்டும்.”

அக்கா தட்டை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

“இப்ப நெட்டை வீட்டுல பச்சை மூட்டை இருக்கு. நான் தெரியாமப் பண்ணினது அவளுக்கு நல்லதா முடிஞ்சிருக்கு. நீ தெரிஞ்சே…” குட்டி அதை முடிக்கவில்லை. அவள் முகத்தை அக்கா பார்த்தாள். தொட்டியில் நின்ற பருக்கைகளைத் தான் எப்படிப் பார்த்தாளோ, மேஜை விளிம்பில் துடைத்ததை எப்படிப் பார்த்தாளோ, அப்படி ஒரு முகம். தான் வளர்த்த பிள்ளையின் முகத்தில் அது தனக்காக வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

குட்டி நகத்தால் கிளப்பி மூட்டையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை உரித்தாள். நிதானமாக அக்காவின் வலது கையை இழுத்து, புறங்கையில் அதை ஒட்டி, பெருவிரலால் நீவிவிட்டாள்.

“குழந்தைக்கு ஆகாதுன்னுதானே இதுக்கு அர்த்தம்? இந்தக் கையை இனிமே என் வயித்துல வைக்காதே.”

சொல்லிவிட்டு வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். குனிய முடியாமல் காலாலேயே துழாவிப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. மற்ற இரண்டு பேரும் அடுத்த தெருவில்தான் இருந்தார்கள்.

“நான் போய்ச் சொல்லப் போறேன். நீ வர்றியா, இல்ல உன் சார் கிட்டக் கேட்டுட்டு வர்றியா?”

அக்கா தரையில் சிதறிக் கிடந்த சோற்றை மிதிக்காமல் தாண்டி வாசலுக்கு வந்தாள். கையில் ஒட்டியிருந்ததை உரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. தெருவில் குட்டி முன்னால் நடக்க, அவள் நாலடி தள்ளிப் பின்னால் போனாள்.